பக்கம் ஐவருடையது, பதிவு ஒருவருடையது: வகுப்பில் விக்கியும் வலைப்பதிவும்

ஐந்து மாணவர்களுக்கு ஒரு விக்கியை, அதாவது எல்லாரும் திருத்தக்கூடிய வலைத்தளத்தை, திறந்து கொடுத்து, "நீர்ச்சுழற்சி பற்றி எல்லாரும் சேர்ந்து எழுதுங்கள், மூன்று வாரம் நேரம்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இரண்டரை வாரம் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். கடைசி இரண்டு நாளில் ஐந்து துண்டுகள் வந்து விழும். ஒவ்வொன்றும் ஒருவர் தனியாக வேர்டில் அடித்துக் கொண்டுவந்து ஒட்டியது. ஆவியாதல் எழுதியவருக்கு ஒடுக்கம் பற்றிய பத்தியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. இருவரும் ஒரே விஷயத்தை இரண்டு விதமாக விளக்கியிருப்பார்கள். யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் வரலாறு பக்கத்தைத் திறந்தால் மொத்தம் ஆறோ ஏழோ தொகுப்புகள்தான் (சேமித்த மாற்றங்கள்) இருக்கும். இதற்கு விக்கியே வேண்டாம். ஐந்து தாள்களை ஸ்டேப்ளர் போட்டு வாங்கினாலும் இதேதான் கிடைக்கும்.

பழி மென்பொருள் மீது இல்லை. கொடுத்த வேலை ஐந்தாக உடைக்கக்கூடியதாக இருந்தது, உடைத்துவிட்டார்கள். இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. அடுத்தவர் எழுதியதில் கைவைப்பது மாணவர்களுக்குக் கூச்சம். நோட்டு அவரவருடையது, பார்த்து எழுதினால் குற்றம் என்று பத்து வருடம் பழக்கிவிட்டு, ஒரு நாள் காலையில் "அவள் எழுதியதைத் திருத்து" என்றால் கை வராது. எழுத்துப்பிழையைக்கூடத் தொடாமல், "மூன்றாவது வரியில் பிழை இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டுப் போவார்கள். விக்கியில் கற்றல் நடக்க வேண்டுமானால் முதலில் உடைக்க வேண்டியது இந்தக் கூச்சத்தைத்தான். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்குப் பிறகு.

எதற்கு எது

வார்டு கன்னிங்காம் 1995இல் முதல் விக்கியைத் தொடங்கியபோது அவர் மனத்தில் இருந்தவர்கள் மாணவர்கள் அல்லர், நிரலாளர்கள். ஒரே சிக்கலைப் பலர் பல இடங்களில் தீர்த்திருக்கிறார்கள், அந்தத் தீர்வுகள் ஒரே பக்கத்தில் சேர்ந்து வளரட்டும் என்பதுதான் நோக்கம். 'விக்கி' என்ற ஹவாய்ச் சொல்லுக்கு 'விரைவு' என்று பொருள். இன்று எழுதிய வரி நாளை காணாமல் போகலாம், போனால் யாரும் வருந்தக் கூடாது. வலைப்பதிவின் இயல்பு வேறு. அதில் தேதி இருக்கிறது, எழுதியவர் பெயர் இருக்கிறது. அன்றைக்கு அவர் என்ன நினைத்தாரோ அது தப்பானாலும் அப்படியே நிற்கும். யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தால் கீழே பின்னூட்டமாக வரும்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கருவியைத் தேர்ந்தெடுத்தால் திட்டம் முதல் வாரமே தடுமாறும். கலைச்சொல் விளக்கம், ஆய்வக செய்முறைக் குறிப்பு, பாடச் சுருக்கம், தீர்த்துக் காட்டிய கணக்குகள் ஆகியவற்றுக்கு விக்கி. வாசிப்புக் குறிப்பு, சோதனை நாட்குறிப்பு, சந்தேகம், தனிப்பட்ட கருத்து ஆகியவற்றுக்கு வலைப்பதிவு. "இந்தக் கதையின் முடிவு சரியா?" என்ற கேள்வியை விக்கியில் போட்டால் இருவர் மாறி மாறி ஒருவர் வரியை மற்றவர் அழிப்பார்கள். "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" என்பதை வலைப்பதிவுக்குக் கொடுத்தால் ஒரே வரையறையை முப்பது தடவை படிக்க நேரிடும்.

இருவர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யும் பகிர்வு ஆவணம் இருக்கும்போது விக்கி எதற்கு என்று கேட்பார்கள். ஒரே ஒரு கட்டுரைதான் வேலை என்றால் பகிர்வு ஆவணமே போதும். இருபது முப்பது பக்கங்கள் ஒன்றோடொன்று இணைப்பு வைத்து வளர வேண்டும், ஒவ்வொரு மாற்றமும் பெயரோடும் காரணத்தோடும் பதிவாக வேண்டும் என்றால் விக்கியைவிடச் சுலபமானது இல்லை.

முதல் நாள்

முதல் வகுப்பில் பாடத்தைத் தொடவே வேண்டாம். 45 நிமிடம் மணல்தொட்டிக்கு, அதாவது எழுதிப் பழகும் சோதனைப் பக்கத்துக்கு, மட்டும். ஆசிரியர் முன்கூட்டியே ஒரு பத்தி எழுதி அதில் எட்டுப் பிழைகளைப் புதைத்து வைக்க வேண்டும்: இரண்டு எழுத்துப்பிழை, இரண்டு தகவல் பிழை, தேவையில்லாத ஒரு வாக்கியம், வரிசை மாறிய இரண்டு வாக்கியம், ஆதாரமில்லாத ஒரு கூற்று. இந்தப் பத்தியைக் குழுவுக்கு ஒரு படியாகப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் ஒரு பிழையைத்தான் திருத்தலாம், திருத்திவிட்டு, சேமிக்கும்போது கேட்கும் தொகுப்புச் சுருக்கத்தில் ஏன் என்று ஆறேழு சொல்லில் எழுத வேண்டும். ஐந்து பேர், எட்டுப் பிழை என்பதால் சிலருக்கு இரண்டாம் சுற்று வரும். பிழை செய்தவர் ஆசிரியர் என்பதால் கைவைக்க யாரும் தயங்க மாட்டார்கள்.

அடுத்து ஒருவரை அந்தப் பத்தியை முழுதாக அழிக்கச் சொல்லுங்கள். வகுப்பு பதறும். இன்னொருவர் வரலாறு பக்கத்துக்குப் போய் பழைய பதிப்பை மீட்டு வைக்கட்டும். எதையும் கெடுத்துவிட முடியாது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கூச்சம் பாதி குறையும். இந்தப் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு, எப்படித் தொகுப்பது என்று 20 ஸ்லைடில் காட்டிய வகுப்புகளில் மாணவர்களுக்குக் குறியீடு தெரியும், துணிவு வராது.

கடைசி ஐந்து நிமிடத்தில் பேச்சுப் பக்கம், அதாவது ஒவ்வொரு பக்கத்தைப் பற்றியும் விவாதிக்க அதனோடு இருக்கும் தனிப் பக்கம். விக்கிப்பீடியா இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் நான்கு அலைக்குறி (~~~~) போட்டால் பெயரும் நேரமும் தானாக வரும். கைபேசி விசைப்பலகையில் இந்தக் குறி மூன்றாவது திரையில் ஒளிந்திருக்கும். அது எங்கே என்று காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யார் சொன்னது என்று தெரியாத உரையாடல்கள்தான் மிஞ்சும்.

குழுவில் எத்தனை பேர்? நான்கு அல்லது ஐந்து. மூன்று பேரில் ஒருவர் விடுப்பு எடுத்தால் வேலை நின்றுவிடும். ஏழுக்கு மேல் போனால் இருவர் நிச்சயம் ஒளிந்துகொள்வார்கள்.

உடைக்க முடியாத வேலை

பக்கத்தைத் தலைப்பு வாரியாகப் பிரிப்பதற்குப் பதிலாகச் செயல் வாரியாகப் பிரிப்பதுதான் பெரும்பாலும் வேலை செய்கிறது. முதல் வாரம் ஒருவர் முரட்டு வரைவு போடுவார், 200 சொல் போதும். இன்னொருவர் அதே வரைவில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் தேடிச் சேர்ப்பார், கிடைக்காததைப் பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்துவார். மூன்றாமவர் எடுத்துக்காட்டும் படமும் சேர்ப்பார். நான்காமவர் மற்றக் குழுக்களின் பக்கங்களுக்கு இணைப்பு வைப்பார். ஐந்தாமவர் மொழியைச் செப்பனிடுவார். அடுத்த பக்கத்தில் பொறுப்புகள் ஒரு இடம் நகரும். ஐந்து பக்கம் முடியும்போது எல்லாரும் எல்லா வேலையும் செய்திருப்பார்கள், ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கை பட்டிருக்கும்.

இதோடு இரண்டு விதிகள் போதும், பத்து விதி போட்டால் ஒன்றும் நினைவில் நிற்காது. ஒன்று, ஒரே பிரிவை ஒருவர் அடுத்தடுத்து இரண்டு முறை தொடக் கூடாது, நடுவில் இன்னொருவர் கைபட வேண்டும். நன்றாக எழுதத் தெரிந்த மாணவி முழுப் பக்கத்தையும் ஒரே இரவில் மாற்றி எழுதுவதை இது தடுக்கும். மற்றொன்று, எதையும் அழிக்காதே, பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்திக் காரணம் எழுது. மனம் புண்பட்டு ஒதுங்கிப் போகிற மாணவர்களில் பெரும்பாலோர் விளக்கமின்றித் தங்கள் பத்தி காணாமல் போனதைக் கண்டவர்கள்தான்.

ஆசிரியர் பக்கத்தில் கைவைக்காமல் இருப்பது கடினம், ஆனால் கைவைத்தால் மாணவர்கள் நிறுத்திவிடுவார்கள். "சார் திருத்திட்டார், இனி சரிதான்" என்று ஒதுங்குவார்கள். பேச்சுப் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டால் போதும்: "இரண்டாம் பத்தியும் நான்காம் பத்தியும் ஒன்றையே சொல்கின்றனவா?"

தளத்தைப் பொறுத்தும் சில சங்கடங்கள் உண்டு. மீடியாவிக்கியில் இருவர் ஒரே நேரத்தில் வெவ்வேறு பிரிவுகளைத் தொகுத்தால் அதுவே இணைத்துவிடும். ஒரே வரியிலோ அடுத்தடுத்த வரிகளிலோ மோதினால்தான் தொகுப்பு முரண்பாட்டுத் திரை வரும். அதைப் பார்த்துப் பயந்து 'பின்செல்' அழுத்துகிறவர் அரை மணி நேர உழைப்பை இழக்கக்கூடும். முழுப் பக்கத்தைத் தொகுக்காமல் பிரிவுக்குப் பக்கத்திலுள்ள 'தொகு' இணைப்பை அழுத்தவும், சேமிக்கும் முன் உரையை நகலெடுத்து வைக்கவும் பழக்குங்கள். டோகுவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருள் வேறு மாதிரி. ஒருவர் தொகுக்கத் தொடங்கினாலே பக்கம் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும், இயல்பான அமைப்பில் 15 நிமிடம். தொகுப்புத் திரையைத் திறந்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனவரால் நான்கு பேர் காத்திருப்பார்கள். மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் விக்கி அமைக்கும்போது அது கூட்டு விக்கியா தனியாள் விக்கியா என்பதையும் முதல் பக்கத்தின் பெயரையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். உருவாக்கிய பிறகு இரண்டையும் மாற்ற விடாது. குழு முறையையும் அப்போதே அமைத்துவிடுவது நல்லது.

தமிழில் எழுதும்போது

ஆங்கில வழிகாட்டிகள் சொல்லாத சில தொல்லைகள் நமக்கு உண்டு. முதல் தொல்லை பக்கத் தலைப்பு. ஒரு குழு 'ஒளிச்சேர்க்கை' என்று பக்கம் தொடங்கும், இலங்கைப் பாடநூலைப் பார்த்த இன்னொருவர் 'ஒளித்தொகுப்பு' என்று தொடங்குவார். இரண்டும் சரி, பக்கம் மட்டும் இரண்டு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வழிமாற்றாக்க வேண்டும், அதாவது அதைத் திறந்தால் வைத்துக்கொண்ட பக்கத்துக்கே போகும்படி செய்ய வேண்டும். இது தெரிந்தே நடப்பது. தெரியாமல் நடப்பது 'பௌதிகம்', 'பெளதிகம்' போன்றவை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் இரண்டாவதில் இருப்பது 'பெ'யும் 'ள'வும். தேடினால் அகப்படாது, அப்படியொரு பக்கம் இல்லை என்று இணைப்பு சிவப்பாகவே நிற்கும். தலைப்புப் பட்டியலை ஆசிரியரே முதலில் போட்டு, முதற்பக்கத்தில் சிவப்பு இணைப்புகளாக வைத்துவிட்டால் இரண்டு தொல்லையும் பெருமளவு தீரும். மாணவர் சிவப்பு இணைப்பைச் சொடுக்கிப் பக்கம் தொடங்க வேண்டும், தலைப்பைத் தட்டச்சு செய்யவே கூடாது.

வேற்றுமை உருபும் கணக்கில் எடுக்க வேண்டியது. மீடியாவிக்கியில் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் பக்கத்தின் பெயரைப் போட்டால் அது இணைப்பாகும். 'இலையின்' என்று எழுத [[இலை]]யின் என்றால் போதும். 'மரத்தின்' என்பதற்கு அது உதவாது, ஏனென்றால் 'மரம்' உருபேற்றால் மாறிவிடுகிறது. [[மரம்|மரத்தின்]] என்று நிற்கோடு போட்டு எழுத வேண்டும். இதைச் சொல்லித் தராவிட்டால் 'மரத்தின்' என்ற பெயரில் ஒரு பக்கமே உருவாகிவிடும்.

இன்னொன்று பைட் எண்ணிக்கை. மீடியாவிக்கி வரலாற்றில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அருகே பச்சையிலோ சிவப்பிலோ ஓர் எண் வரும். அது பைட், கணினியில் உரை பிடிக்கும் இடத்தின் அளவு. ஒருங்குறித் (யூனிகோடு) தமிழில் உயிரோ அகரமேறிய மெய்யோ துணைக்குறியோ புள்ளியோ, ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'ஒளிச்சேர்க்கை' என்ற ஒரு சொல்லே 39 பைட் பிடிக்கும். ஆகவே +3,000 என்று கண்டு மலைக்க வேண்டாம், அது சுமார் நூறு சொல்கூட இருக்காது. பழைய எழுத்துருவில் உள்ள கோப்பிலிருந்து ஒட்டினால் குப்பையெழுத்து வரும் என்பது தெரிந்ததுதான். ஒட்டும் முன் ஒருங்குறி மாற்றி ஒன்றில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

மதிப்பெண்

விக்கித் திட்டங்கள் மதிப்பெண்ணில்தான் பெரும்பாலும் கெடுகின்றன. இறுதிப் பக்கத்துக்கு மட்டும் மதிப்பெண் தந்தால் உழைத்தவரும் ஒளிந்தவரும் ஒன்றாகிவிடுவார்கள். தொகுப்பு எண்ணிக்கைக்குத் தந்தால் ஒரு காற்புள்ளியைச் சேர்த்து, எடுத்து, மறுபடி சேர்த்து 40 தொகுப்புகள் காட்டுவார்கள். பைட்டுக்குத் தந்தால் ஒட்டுவார்கள். எதை எண்ணினாலும் அதைத்தான் உற்பத்தி செய்வார்கள், இது மாணவர்களுக்கு மட்டும் உரிய குணமல்ல.

தாக்குப்பிடிக்கும் முறை இது. ஒவ்வொரு மாணவரும் தம் பங்களிப்புப் பட்டியலிலிருந்து நான்கு வேறுபாடுகளை (ஒரு தொகுப்பு எதை மாற்றியது என்று காட்டும் பக்கங்களை) தேர்ந்தெடுத்து நிலையான முகவரியோடு சமர்ப்பிக்க வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு அடுத்தவர் எழுதியதன் மீது செய்த மாற்றமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே முன்னால் என்ன குறை, மாற்றியதால் என்ன சரியானது என்று இரண்டு வரி. வேறுபாட்டுப் பக்கம் முன்னிருந்ததையும் பின்வந்ததையும் அருகருகே காட்டிவிடுவதால் ஒருவருக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது. 30 பேருக்கு இரண்டு மணி நேரம். நூற்றுக்கு 40 இதற்கு, 30 குழுவின் இறுதிப் பக்கத்துக்கு, 20 பேச்சுப் பக்கத்துக்கு. மீதி 10 ஒரு வாய்மொழிக் கேள்விக்கு: தாம் எழுதாத ஒரு பிரிவை விளக்க வேண்டும். அந்தப் பத்து மதிப்பெண்ணுக்காகவே மற்றவர் எழுதியதைப் படிப்பார்கள்.

ஒரே தொகுப்பில் 800 சொல் வந்து விழுந்தால், அது எங்கிருந்தோ ஒட்டியதாகவோ உரையாடு செயலி எழுதியதாகவோ இருக்கலாம், வேர்டில் அடித்ததாகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பு மென்பொருளை நம்பித் துப்பறிய வேண்டாம். ஆதாரம் எந்த நூல், எந்தப் பக்கம் என்று பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். சொந்த உழைப்பென்றால் பதில் உடனே வரும்.

வலைப்பதிவு

இங்கே கெடுவது வேறு இடத்தில். 30 மாணவர்கள் வாரம் ஆளுக்கு 300 சொல் எழுதினால் 9,000 சொல். ஆசிரியராலேயே படிக்க முடியாது, மாணவர்கள் எப்படிப் படிப்பார்கள்? "இரண்டு பின்னூட்டம் கட்டாயம்" என்ற விதியையும் சேர்த்தால் "அருமையான பதிவு" என்று அறுபது தடவை வரும். நன்றாக எழுதும் நான்கு பேருக்குப் பத்துப் பத்துப் பின்னூட்டம், கடைசி வரிசைப் பையனுக்கு ஒன்றுகூட இல்லை. யாரும் எட்டிப் பார்க்காத பதிவை மறுபடி எழுத அவனுக்கு என்ன அவசியம்?

ஐந்து பேர் கொண்ட ஆறு குழுவாகப் பிரியுங்கள். வாரம் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மட்டும் எழுதட்டும், மற்ற நால்வரும் அவருக்குப் பின்னூட்டம் இடட்டும். வாரத்துக்கு 6 பதிவு, 24 பின்னூட்டம், ஐந்து வாரத்தில் ஒரு சுற்று. இரண்டு சுற்றாவது வேண்டும், ஏனென்றால் முதல் சுற்றில் எல்லாரும் பரீட்சை விடை மாதிரி எழுதுவார்கள். பதிவு திங்கள், பின்னூட்டம் புதன், எழுதியவரின் பதில் வெள்ளி. எல்லாவற்றுக்கும் ஞாயிறு இரவு என்று ஒரே கெடு வைத்தால் உரையாடலே நடக்காது, பின்னூட்டம் வரும் நேரத்தில் பதிவே வந்திருக்காது.

பின்னூட்டத்துக்கு ஒரு வடிவம் கொடுங்கள். பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போடு, அது பொருந்தாத ஒரு சூழலைச் சொல் அல்லது அதிலிருந்து எழும் ஒரு கேள்வியைக் கேள். பாராட்டு தடையில்லை, கணக்கில் வராது, அவ்வளவுதான். ஆசிரியர் முதல் இரண்டு நாள் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே சொல் மாற்றிச் சொல்வார்கள்.

வேர்ட்பிரஸில் மாணவர்களுக்கு 'கான்ட்ரிபியூட்டர்' நிலை கொடுத்தால் எழுதலாம், தாமே வெளியிட முடியாது, படமும் ஏற்ற முடியாது. சின்ன வகுப்புகளுக்கு அது பாதுகாப்பு. மேல் வகுப்புக்கு 'ஆத்தர்' நிலையே சரி. ஆசிரியரின் ஒப்புதலுக்காகப் பதிவு மூன்று நாள் காத்துக் கிடந்தால் எழுதிய சூடு ஆறிவிடும். ஆறு குழுவின் பதிவுகளையும், புதியவற்றைத் தானாகத் திரட்டும் செய்தியோடையில் சேர்த்து ஒரே இடத்தில் படித்துக்கொள்ளலாம்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் உண்மையில் பலன் தருவது. வலைப்பதிவில் ஒருவர், "உப்புநீர் ஏன் சீக்கிரம் உறையவில்லை?" என்று தம் சோதனையைக் குறித்து வியக்கிறார். பின்னூட்டத்தில் நான்கு ஊகங்கள் வருகின்றன. வாரக் கடைசியில் குழுவில் ஒருவர் அவற்றில் நிலைத்ததை மட்டும் எடுத்து விக்கியின் 'உறைநிலை' பக்கத்தில் சேர்த்து, எந்தப் பதிவிலிருந்து வந்தது என்று இணைப்பும் கொடுக்கிறார். தடுமாற்றம் வலைப்பதிவில் அப்படியே நிற்கிறது, தெளிந்தது விக்கிக்குப் போகிறது. விக்கியில் ஏதாவது முரண்பட்டால் அது அடுத்த பதிவுக்கான கேள்வியாகத் திரும்பி வருகிறது.

திறந்த வெளியில் எழுதுவதா?

தமிழ் விக்கிப்பீடியாவிலேயே எழுத வைக்கலாமே என்ற ஆசை எழும். மேல் வகுப்பில், நல்ல பயிற்சிக்குப் பிறகு, தாராளமாக. ஆனால் அங்கே சொந்த ஆய்வுக்கும் கருத்துக்கும் இடமில்லை, வகுப்புக் கட்டுரையை அப்படியே ஏற்றினால் நீக்கப்படும். பயனர் மணல்தொட்டியில் எழுதி முடித்து, பிறகு நகர்த்துவதுதான் வழி. இன்னொரு நடைமுறைச் சிக்கல்: ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குக்கு மேல் தொடங்க விக்கிமீடியா தளங்கள் விடுவதில்லை. ஆய்வகத்தில் 30 பேரும் ஒன்றாக உட்கார்ந்தால் ஏழாவது ஆளிடம் தடுத்துவிடும். முந்தின நாளே அவரவர் வீட்டிலிருந்து தொடங்கி வரச் சொல்லுங்கள்.

மூடிய தளமாக இருந்தாலும் பயனர்பெயரில் முழுப்பெயர், பிறந்த ஆண்டு, வகுப்பு எண் வேண்டாம். ஒரு புனைபெயர் போதும், யார் எது என்ற பட்டியல் ஆசிரியரிடம் இருக்கட்டும். பல சேவைகள் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்குத் தருவதில்லை. சின்ன வகுப்புக்குப் பள்ளியே நிறுவிய டோகுவிக்கி நல்லது, தரவுத்தளம்கூட வேண்டாம், எல்லாம் வெறும் உரைக் கோப்புகள். படங்களுக்கு விக்கிமீடியா பொதுவகம் என்ற கட்டற்ற உரிமப் படக் களஞ்சியம் இருக்கிறது. எடுத்தவர் பெயரும் உரிமத்தின் பெயரும் படத்தின் கீழே வர வேண்டும். தேடுபொறியில் வந்த படத்தை எடுத்து 'நன்றி: இணையம்' என்று போடுவது உரிமம் ஆகாது.

நகல் எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆசிரியர்கள் பெருமளவில் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் என்ற விக்கித் தளம் 2018இல் மூடப்பட்டது. இலவசத் தளம் எதற்கும் அது நேரலாம். டோகுவிக்கி என்றால் கோப்புறையைப் பிரதி எடுத்தாலே முடிந்தது. மீடியாவிக்கியில் ஏற்றுமதிப் பக்கம் இருக்கிறது, வரலாறும் சேர்ந்து வரும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பில் பதிவும் பின்னூட்டமும் இருக்கும், படங்கள் இருக்காது, அவற்றின் முகவரி மட்டும்தான். பழைய தளம் மூடிய பிறகு இறக்குமதி செய்தால் எல்லாப் படமும் உடைந்த சட்டமாகத் தெரியும். படக் கோப்புறையைத் தனியாக எடுங்கள்.

அடுத்த ஆண்டு வகுப்புக்குப் பழைய விக்கியை அழித்துவிட்டு வெற்றுப் பக்கம் கொடுக்கத் தோன்றும், இல்லையென்றால் பார்த்து எழுதுவார்களே என்று. அழிக்காதீர்கள். பழையதை அப்படியே கொடுத்து, அதில் இன்னும் ஆதாரமில்லாமல் நிற்கும் கூற்றுகளைத் தேடச் சொல்லுங்கள். பேச்சுப் பக்கங்களில் போன ஆண்டு விடை தெரியாமல் விட்டுப்போன கேள்விகள் இருக்கும், புதிய வகுப்பின் முதல் வேலைப் பட்டியல் அதுதான்.